எழவு வீட்டுப் பொறாமை

செஞ்சியில் நின்றுகொண்டுதான் டீ குடிக்கிறார்கள். வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற காசிம் பாய் கடையில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. அது பேப்பர் படிக்கிறவர்களுக்கு. டீ குடிக்கிறவன் ஒரு காலைப் படியில் ஊன்றி, கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, ஊதி ஊதி நாலு மடக்கில் முடித்துவிட வேண்டும். கடைசி மடக்கு தொண்டையில் இறங்குவதற்குள் கிளாஸ் கழுவுகிற தொட்டிக்குப் போய்விடும். ரங்கூனில் நமக்கு இப்படியா? முழங்கால் உயர முக்காலி, நடுவில் கெட்டில் நிறைய வெறும் தேத்தண்ணீர், அதற்குக் காசு கிடையாது. ஒரு பால் டீயை வாங்கி வைத்துக்கொண்டு மாமியார் சண்டையிலிருந்து மந்திரிசபை வரைக்கும் பேசித் தீர்க்கலாம். அங்கே ஒருவன் தன் கஷ்டத்தைச் சொல்லி அழ ஒரு சாயங்காலமே கிடைக்கும். இங்கே ஒரு கிளாஸ் ஆறுவதற்குள் நான் பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்துவிட வேண்டும்.

சேர்ந்துவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன். கப்பலேறி வந்து தமிழ்நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிற நம்மவர்களுக்கும், இன்னும் அங்கேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்களுக்கும் என் திறமையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அறுபத்து நாலில் கடைகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம்மை ஏற்றி அனுப்பியபோது, நைனாவின் பூர்வீகம் செஞ்சிக்குப் பக்கத்து வல்லம் என்ற ஒரே காரணத்துக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்கினேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். ரங்கூன் என்றேன். அது திண்டிவனம் பக்கமா, திருவண்ணாமலை பக்கமா என்று கேட்டார்கள். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இங்கே நம் சோகம் விலை போக வேண்டுமானால் கொஞ்சம் சத்தமாக விற்க வேண்டும் என்று. ஒரு தையல் மிஷினை வைத்து உட்கார்ந்தேன், 'பர்மா டைலர்' ஆனேன். வல்லத்துப் பெண் பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே பாய் கடைக்குப் போய் நாற்பத்திரண்டாம் வருஷத்து நடையை நடப்பேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜப்பான்காரன் குண்டு போட்டது, துறைமுகத்தில் கப்பலுக்கு முண்டியடித்தது, கிடைக்காமல் வடக்கே மலைப் பக்கம் நடக்கத் தொடங்கியது. வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பிரித்துவிட்டது. அவர்கள் பாதையில் கூடாரமும் ரொட்டியும், நம் பாதையில் சேறும் காலராவும். சாகிறதற்கும் ரயில் மாதிரி கிளாஸ் பிரித்தான் பாருங்கள் என்று நான் சொல்லும்போது பெஞ்சில் பேப்பர் மடங்கும். ஆற்றங்கரையில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே செத்திருந்ததைச் சொல்லும்போது பாய் அடுப்பைக் குறைப்பார். என் கதையில் வருஷா வருஷம் மலை உயர்ந்தது, மழை வலுத்தது, சாவும் கூடியது. ஐந்து வயதுப் பையன் பார்த்ததுக்கு மேலேயே நான் பார்த்திருந்தேன். ஆனால் ஒன்று: டீக்கடைக் கதையில் எத்தனையோ பேர் செத்தார்கள், தங்கம் மட்டும் சாகவில்லை. அவளை நான் அந்தக் கதைக்குள் கூட்டி வந்ததே இல்லை.

தங்கம் என் அக்கா. அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவின் தலையில் மூட்டை, நைனாவின் தோளில் அரிசி. என்னால் நடக்க முடியாது என்று நான் உட்கார்ந்து அழுதபோது அவள்தான் முதுகில் ஏற்றிக்கொண்டாள். இரண்டு மலை, மூன்று மலை, எனக்கு எண்ணத் தெரியாத வயது. அவள் கழுத்து வியர்வையில் வழுக்கும். நான் அவள் ரெட்டைப் பின்னலைக் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொள்வேன். ஒருநாள் காலையில் அவளுக்கு வாந்தி வந்தது. சாயங்காலம் நைனா தன் லுங்கியால் அவளை மூடினார். குழி தோண்ட யாருக்கும் தெம்பில்லை, நிற்கவும் விடவில்லை. பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் நான் நடந்தேன். நடக்க முடியாது என்றவன் இந்தியா வரைக்கும் நடந்தே வந்துவிட்டேன். சண்டை முடிந்ததும் நைனா மறுபடி ரங்கூனுக்கே கப்பலேற்றிக் கூட்டிப் போனார். அவரும் அம்மாவும் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, பொறாமைக்கு வருகிறேன். எண்பத்து மூன்று ஜூலையில் கொழும்பு எரிந்த செய்தி வந்தது. மறுநாள் செஞ்சி பஜார் முழுக்கக் கடையடைப்பு. சுவரெல்லாம் போஸ்டர், போஸ்டரெல்லாம் ஒரே வார்த்தை: இனப்படுகொலை. அவ்வளவு பெரிய எழுத்தில் அவ்வளவு பெரிய வார்த்தையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் கடைக்கு வாலிபர்கள் வந்து குவிந்தார்கள். கறுப்புக் கொடி வேண்டும், கறுப்பு பேட்ஜ் வேண்டும், சீக்கிரம், கூலி கிடையாது, இது இனத்துக்காக என்றார்கள். ஜவுளிக் கடையில் கறுப்புக் காடாத் துணி தீர்ந்துபோய் ஒருவர் வழக்கறிஞரின் பழைய கோட்டைக் கொண்டுவந்து கிழிக்கச் சொன்னார். நானும் தைத்தேன். மனசாரத்தான் தைத்தேன். பேப்பரில் அந்தப் படங்களைப் பார்த்த எவனுக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. ஆனால் மிஷின் சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே வேறொன்றும் சுற்றியது. எங்கள் சாவுக்கு ஒரு முழம் கறுப்புத் துணி கிழித்தீர்களா? ஒரு கடை அடைத்தீர்களா? ஒரு வார்த்தையாவது கொடுத்தீர்களா? யோசித்துப் பார்த்தேன். நம்மால் தமிழுக்குக் கிடைத்த ஒரே சொல், மெட்ராஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஃபாரின் குடையும் செண்ட் பாட்டிலும் விற்கிற பர்மா பஜார்தான். ஒருவருக்கு இனப்படுகொலை, இன்னொருவருக்குப் பஜார்.

இந்தக் கணக்கை எங்கேயும் இப்படித்தான் போடுகிறார்களோ என்று தோன்றியது. ரங்கூனுக்கு வெளியே வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புல்லை ஒட்ட வெட்டி, ஒவ்வொருவனுக்கும் பெயர், வயது, பட்டாளம். பெயர் தெரியாதவனுக்கும் ஆண்டவனுக்குத் தெரியும் என்று எழுதி ஒரு கல். நம் ஆட்கள் செத்த பாதையில் ஆண்டவன் வரவே இல்லைபோல. பர்மியருக்கு அவர்களுடைய தியாகிகள் நாளில் சங்கு ஊதும். ரோட்டில் நின்ற இடத்தில் நிற்போம், அவர்கள் துக்கத்துக்கு நாமும்தான் நின்றோம். ஜப்பானில் குண்டு விழுந்த ஊரைப் பற்றி இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். யூதர்களைச் சுட்டெரித்ததைப் பற்றி நூலகத்தில் தடித்தடியாகப் புத்தகங்கள். நான் அவற்றை எடுத்துப் படித்தேன், பாதியில் வைக்க முடியவில்லை, அழுதேன். அழுது முடித்ததும் அட்டையைத் திருப்பி விலையைப் பார்க்கிறவன் மாதிரி, அவர்களை எழுத ஆள் இருந்தது, எங்களுக்கு இல்லை என்று முணுமுணுத்தேன். என் மனசின் லட்சணம் அவ்வளவுதான்.

செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டைக்காகச் செத்தவர்களுக்குக் கணக்கு உண்டா? ஊருக்கு ஞாபகம் இருப்பது மூன்றே மூன்று. இளவயதில் போரில் விழுந்த ராஜா, நிக்காஹ் நடக்கிற பந்தலிலிருந்து எழுந்து வந்து கூடவே செத்த அவருடைய சிநேகிதர், அப்புறம் அந்த ராஜா ஏறிய குதிரை. கூத்துக் கட்டினால் குதிரை சாகிற இடத்தில் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அதற்குப் பெயர் இருக்கிறது, நிறம் இருக்கிறது, எந்தக் கொம்பனையும் ஏறவிடாத சுபாவம் இருக்கிறது. காலாட்படையில் செத்தவனுக்கு ஒன்றுமில்லை. கடையை மூடிவிட்டுக் கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்து ஒருநாள் நான் அந்தக் குதிரை மேல் பொறாமைப்பட்டேன். சிரிக்காதீர்கள். என்னையும் ஒருத்தி சுமந்தாள். அவளுக்கும் பெயர் இருந்தது.

அடுத்த வருஷம் திருவண்ணாமலை ரோட்டில் ஓடாமல் கிடந்த அரிசி மில் கிடங்கில் கொஞ்சம் அகதிக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். நடுநடுவே சேலையைக் கட்டித் தடுத்துக்கொண்டு, வீடு வீடாக இருந்தார்கள். அதில் ஒருவர் சிவபாதம். கொழும்பில் மளிகைக் கடை வைத்திருந்தவர், என் வயதுதான் இருக்கும். கடையைக் கொளுத்தின அன்றைக்கு அவருடைய மைத்துனன், மனைவி சரசுவின் தம்பி ரவி, ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. இதை அவர் பாய் கடையில் முதல் நாள் சொன்னார். கையை ஆட்டவில்லை, குரலை ஏற்றவில்லை, தரையைப் பார்த்தபடி மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்த முதல் மனிதர் அவர். பாய் அவரிடம் காசு வாங்கவில்லை, கிளாஸையும் பிடுங்கவில்லை. இருபது வருஷமாக மலை ஏறி இறங்கி நான் சம்பாதிக்காததை அவர் மூன்று வாக்கியத்தில் சம்பாதித்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நடுக்கம் பிடித்தது. மறுநாள் ஐந்து மணிக்குப் போய் நான் மலையேறத் தொடங்கினால், பெஞ்சிலிருந்த ஒருவர் பேப்பரை விலக்காமலே, "பர்மாக்காரரே, இந்த வாட்டி சீக்கிரம் எறங்கிடு, கரெண்டு போற நேரம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அடுத்த நாள் கதையில் ஒரு புலியைச் சேர்த்தேன். புலிக்கும் மரியாதை இல்லை. வீட்டுக்கு வந்து பச்சையம்மாளிடம், ஊருக்கு என் மேல் இருந்த இரக்கமெல்லாம் வற்றிப்போய்விட்டது என்று புலம்பினேன். அவள் உலையைப் பார்த்துக்கொண்டே, "இன்னாத்துக்கு உனுக்கு ஊரு எரக்கம்? தைக்கக் குடுத்த பாவாடையக் கேட்டு மூணு பேரு வந்துட்டுப் போனாங்க" என்றாள்.

ஜூலை நெருங்கியது. ஓராண்டு நினைவாக பஜார் திடலில் இரங்கல் கூட்டம் என்று முடிவானது. கமிட்டிக்குத் தலைவர் ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர். எங்கள் தெருதான், என்னிடம்தான் சட்டை தைப்பார். கூட்டத்தில் முதலில் பேச்சு, அப்புறம் மௌன அஞ்சலி, கடைசியில் அகதிகள் ஒவ்வொருவராக மைக்கின் முன்னால் வந்து தங்கள் வீட்டில் இறந்தவரின் பெயரை மட்டும் சொல்வார்கள் என்று அவர் எனக்கு விளக்கினார். வழக்கம்போலக் கொடிக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். பெயரை மட்டும் என்று அவர் சொன்னதும் எனக்குள் ஏதோ எழுந்து நின்றது. ஊர் கூடி நிற்கிற இடத்தில், மைக்கில், தங்கம் என்று ஒரு தடவை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக அந்தப் பெயர் காற்றில் ஏறவே இல்லை. அம்மா போய்விட்டாள், நானும் போய்விட்டால் அப்படி ஒருத்தி நடந்தாள் என்பதற்கே ஆள் கிடையாது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சார், எனக்கு ஒரே ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்ததும் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். பர்மாவில் செத்தவர்களும் தமிழர்கள்தானே, அவர்களையும் கூட்டத்தில் சேர்க்க வேண்டாமா, போஸ்டரில் ஒரு வரி போடக் கூடாதா என்று ஆரம்பித்துவிட்டேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எத்தினி பேரு செத்தாங்க?"

"நெறைய, சார்."

"நெறையன்னா?"

நான் ஒரு எண்ணைச் சொன்னேன். அந்த எண்ணை அதற்குமுன் நானே கேட்டதில்லை. அவர் எதில் போட்டிருக்கிறது என்று கேட்டார். பேப்பரிலா, புத்தகத்திலா? புலியைச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். அது சண்டை, நோய், நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இது வேறு, இது கண்ணெதிரே நடக்கிறது. இதில் அதைக் கலந்தால் இரண்டும் நீர்த்துப்போகும். பர்மாவுக்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. கொடி எத்தனை ரெடியாயிற்று என்று அவர் கேட்டார்.

இந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே டீக்கடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் சிவபாதம் பெஞ்சிலிருந்து எழுந்து என் எதிரே வந்து நின்றார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எங்கடை துக்கத்திலை நீங்கள் ஏன் பங்கு கேக்கிறியள்?"

பங்கு கேட்கவில்லை, பக்கத்தில் ஒரு இடம் கேட்டேன் என்றேன். அவர் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து தரையைப் பார்த்துப் பேசிய மனிதர் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உங்கடை ஆக்கள் வருத்தம் வந்து செத்தவை. எங்கடை ஆக்களை மனுசர் சாக்காட்டினவை. ரெண்டும் ஒண்டோ?" வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய்.

"வருத்தமா? தண்ணி இருக்கற ரோட்ட வெள்ளக்காரனுக்கு உட்டுட்டு, எங்கள பொணம் மெதக்கற பள்ளத்துல தள்ளினானே, அது நோயா?"

"நீங்கள் ரோட்டுக்கரையிலையெண்டாலும் வைச்சிட்டு வந்தியள். நாங்கள் சாம்பல்கூடக் காணேல்லை."

வைத்துவிட்டு வந்தோம் என்றால் என்னவென்று இவருக்குத் தெரியுமா? லுங்கியின் ஓரம் காற்றில் தூக்கிக்கொண்டு ஒரு கால் தெரிந்ததே, அதை வைத்துவிட்டு வருவது என்றா சொல்வது? சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, நீங்கள் வந்தது ஒரு தடவை, நாங்கள் ஓடியது இரண்டு தடவை என்றேன். எங்களை ஊரே சேர்ந்து கொளுத்தியது என்றார் அவர். எங்களை இரண்டு சர்க்கார் சேர்ந்து கைவிட்டது என்றேன் நான். ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் அதற்கு மேலே ஏற்ற, பெஞ்சு முழுக்கத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் காசிம் பாய்தான் கரண்டியால் பாய்லரைத் தட்டினார்.

"இன்னா இது, மல்லாட்டை ஏலமா? ரெண்டு பேரும் கிளாஸ வெச்சிட்டுக் கெளம்புங்க."

ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். கடலை ஏலத்தில் இரண்டு பேரும் நட்டப்பட்டுத் திரும்புகிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பச்சையம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த அம்மா, அந்த சரசு, தம்பியை நினைத்து அழுகிறாளா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? போஸ்டர் ஒட்டினார்கள், அரிசி கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள் என்றேன். "அதான் கேக்கறேன். ஊரு உட்டு ஊரு வந்து குந்தினு இருக்குதுங்க. ஒருத்தியாவது போயி கழுத்தக் கட்டி அழுதாளா?" என்றாள். எனக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. நான் கொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நம்மவர்களில் அங்கேயே பிறந்தவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் எழவு வீடு என்றால், செய்தி கேட்ட பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கூட்டமாக வருவார்கள். நேரே போய்ச் சாவு கொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். விசேஷம் என்னவென்றால், யாரும் அந்த வீட்டுப் பிணத்துக்கு மட்டும் அழமாட்டார்கள். ஒருத்தி ஆறு வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்த மகனுக்கு அழுவாள், இன்னொருத்தி தன் அண்ணனுக்கு. எழவு வீட்டுக்காரிக்கு இதில் வருத்தமே கிடையாது. என் வீட்டுச் சாவில் உன் மகனை ஏன் கொண்டுவந்து போடுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. தையல் மிஷினை உருட்டி வயிறு வளர்க்க வந்த ஊரில் இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆம்பிளைகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பாடை எப்போது கட்டுவார்கள் என்று பேசிக்கொண்டிருப்போம்.

கூட்டத்தன்று மத்தியானம் சைக்கிள் ரிக்‌ஷாவில் மைக் கட்டிக்கொண்டு, நம் சொந்தங்களின் ஓராண்டுத் துக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிப் போனார்கள். ஓராண்டுத் துக்கம் என்று காதில் விழுந்த பெண்களுக்கு, இரங்கல் கூட்டம் என்றால் என்ன, மௌன அஞ்சலி என்றால் என்ன என்று யார் சொல்லிக்கொடுத்தது? எழவு என்று ஊருக்கு ஊர் சொல்லியனுப்பினார்கள், வந்துவிட்டார்கள். வல்லத்திலிருந்து ஒரு பஸ், பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து ஒரு கூட்டம், முன்னால் என் பெண்டாட்டி. மேடையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அகதிப் பெண்கள் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் உட்கார்கிற மாதிரி. இவர்கள் பின்னால் நின்று காத்திருந்தார்கள். பேச்சாளர்கள் மாறினார்கள், உலகத்தில் எங்கெங்கே எந்தெந்த இனம் எப்படி அழிந்தது என்று ஒருவர் வரிசையாகச் சொன்னார். நாமும் வருவோமா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வரவில்லை.

பிறகு வாத்தியார் எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்றார். ஆம்பிளைகள் எழுந்தோம், தலையைக் குனிந்தோம். மைக் ஓய்ந்தது. அது ஓய்ந்ததும், இனி நம் முறை என்று பெண்கள் நினைத்துவிட்டார்கள். பச்சையம்மாள் கொண்டையை அவிழ்த்தபடி ஓடிப்போய் சரசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். ஒவ்வொருத்தியும் கைக்குக் கிடைத்த ஒரு அகதிப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். மௌனத்தின் நடுவே ஒப்பாரி கிளம்பியது. வாத்தியார் பதறிப்போய் "அம்மா, அமைதி, அம்மா" என்றார். அது மைக்கில் ஒலித்து, அவரும் சேர்ந்து அழுகிற மாதிரி இருந்தது. சரசு முதலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் தம்பி, என்ரை ராசா என்று அவள் தொடங்கியதும் அவர்கள் பக்கத்து ஒப்பாரி எங்கள் பக்கத்து ஒப்பாரியோடு வழி கேட்காமலே சேர்ந்துகொண்டது. கிணற்றில் விழுந்தவன் வந்தான், அண்ணன் வந்தான், பிரசவத்தில் போனவள் வந்தாள். அதற்கு நடுவில்தான் என் பெண்டாட்டியின் குரலை நான் தனியாகக் கேட்டேன்.

"பட்டுப் பாயி இல்லாம பாதையில படுத்தியே, பாடை கட்ட ஆளில்லாம பனியில கெடந்தியே, மூஞ்ச நான் பாக்கலியே, என் நாத்தனா தங்கமே, மொறச்சீர நான் யாருக்குச் செய்வேன், தங்கமே..."

நான் அவளிடம் அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. அம்மா சொல்லியிருக்கிறாள். கடைசிக் காலத்தில் கட்டிலோடு கிடந்த அம்மாவை இவள்தான் பார்த்துக்கொண்டாள். மகனிடம் சொல்லாததை மருமகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மேடைக்குக் கீழே இருந்த ஒலிபெருக்கி, மூடாத மைக் வழியாக அந்தப் பெயரை வாங்கி பஜார் முழுக்க விட்டெறிந்தது. தங்கமே, தங்கமே என்று ஊர் கேட்டது. அந்த நேரத்தில்கூட எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாளே என்று. முகமே பார்க்காதவள் அழுகிறாள், முதுகில் ஏறி வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேனே என்று.

பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. சிவபாதம்.

"தங்கம் ஆர், அண்ணை?"

"அக்கா." அந்த ஒரு சொல்லுக்கு மேலே மலையோ மழையோ புலியோ எதுவும் வரவில்லை.

"என்ன வயது?"

"ஒம்போது."

ரவிக்குப் பதினேழு என்றார். ஒன்பது, பதினேழு, எது அநியாயம் என்று என் மனசு தராசைத் தூக்கியது. பிறவிக் குணம். தூக்கியதை வைக்கத் தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மைக்கில் பெயர் சொல்கிற நிகழ்ச்சி நடக்கவேயில்லை. கூட்டம் குலைந்துவிட்டது என்று வாத்தியாருக்கு ரொம்ப நாள் வருத்தம்.

வீட்டுக்கு வந்தால் பச்சையம்மாள் வாசலில் மறித்தாள். எழவுக்குப் போய் வந்தவன் குளிக்காமல் எப்படி உள்ளே வருவாய் என்றாள். கூட்டத்துக்குப் போனதற்கெல்லாம் குளியலா என்றேன். "கூட்டமா? அது எழவு. பின்னாடி வா" என்றாள். கிடங்கில் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் இல்லை என்று சரசுவையும் சிவபாதத்தையும் அவளே கூட்டி வந்திருந்தாள். பெண்கள் முதலில் மறைப்புக்குள் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். பிறகு நாங்கள் இருவரும் கிணற்றடியில் வேட்டியோடு நின்றோம். பச்சையம்மாள் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றினாள். அந்தப் பாதையில் எங்களுக்குக் குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லை, தங்கத்துக்காக நாங்கள் யாரும் தலை நனைக்கவில்லை என்பது தண்ணீர் விழுந்தபோதுதான் ஞாபகம் வந்தது. கண்ணில் என்ன வழிகிறது என்று யாரும் பார்க்க முடியாதபடி குளியல் ஒரு வசதி செய்து கொடுக்கிறது.

"செத்தவங்கள நெனச்சி தெக்கப் பாத்து மூணு கை தண்ணி உடுங்க" என்றாள் பச்சையம்மாள்.

சிவபாதம் தெற்கே திரும்பினார். இரண்டு கையையும் சேர்த்து அள்ளி, கண்ணை மூடி, நேராக விட்டார். அதிலும் பாருங்கள், அந்த மனிதருக்கு எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடுகிறது. தெற்கே பார்த்தால் அவர் ஊர் இருக்கிறது, ரவி இருக்கிறான். எனக்கு? தங்கம் கிடப்பது வடகிழக்கே, எத்தனையோ மலைக்கு அப்பால், பெயர் தெரியாத ஒரு பள்ளத்தில். தெற்கே பார்த்து விட்டால் அவளுக்குப் போய்ச் சேருமா? வடகிழக்கே திரும்பி விட்டால் இந்த ஊர் முறைக்குச் சரியாகுமா? கையில் அள்ளிய தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. காலைத் தெற்கே வைத்து, இடுப்பிலிருந்து மேலே திரும்பி, முகத்தைக் கிணற்றுக்கு அப்பால் வடகிழக்கு மூலைக்குக் காட்டி, கயிறு முறுக்கின மாதிரி நின்றேன். "இன்னாய்யா, எந்தப் பக்கம் உடற?" என்று பச்சையம்மாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கையை அப்படியே திறந்துவிட்டேன். பாதி தெற்கே விழுந்தது, மீதி என் காலிலேயே விழுந்தது.